நீலக்கல் மோதிரம் வாங்கப் போகிறேன். ஒரிஜினல் கல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மனைவிக்குப் பத்தாவது கல்யாண நாளுக்கு நீலக்கல் மோதிரம் வாங்க வேண்டும், கடைக்காரர் ஒரிஜினல் என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது வீட்டுக்கு வீடு நடந்த தொழில். எங்கள் அப்பாவும் அதைத்தான் செய்தார். அதனால் சொல்கிறேன்: "ஒரிஜினலா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இந்தக் கல்லுக்கு என்னென்ன செய்திருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். பணம் போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காததால்தான்.

எங்கள் அத்தை ஒரு மாணிக்க மோதிரம் வாங்கினார். மண்ணிலிருந்து எடுத்த கல்தான், கடையில் சொன்னது பொய் இல்லை. விரலுக்கு இறுக்கமாக இருக்கிறது என்று பெரிதாக்கக் கொடுத்தார். ஆசாரி பற்றவைத்து, வழக்கம்போல அமிலத்தில் போட்டு எடுத்தார். கல் முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சிலந்திவலை மாதிரி கோடுகள். ஆசாரி கல்லை மாற்றிவிட்டார் என்று வீட்டில் ஒரே சண்டை. பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. விரிசல் நிறைந்த மட்டமான மாணிக்கத்தில் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி நிரப்பி, பளிச்சென்று ஆக்கி விற்றிருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியை அமிலம் அரித்துவிட்டது. 2004 வாக்கில் இருந்து சந்தையில் புழங்கும் சரக்கு இது. விற்றவர் அதைச் சொல்லவில்லை, அத்தைக்கும் கேட்கத் தெரியவில்லை. கண்ணாடி நிரப்பிய நீலமும் இப்போது வருகிறது.

நீலமும் மாணிக்கமும் ஒரே கனிமம்தான், குருந்தம். குரோமியம் சேர்ந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். இலங்கையில் கெவுடா என்று ஒரு கல் உண்டு. பால் கலந்த மாதிரி மங்கலாக இருக்கும், ஒரு காலத்தில் யாரும் சீந்தமாட்டார்கள். 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவாக வாங்கிப்போய் 1,500 டிகிரிக்கு மேல் சூடாக்கினார்கள். உள்ளே ஊசி ஊசியாக இருந்த டைட்டானியம் கரைந்து இரும்போடு சேர, கல் நீலமாகிவிட்டது. இன்று சந்தையில் இருக்கும் நீலத்தில் பெரும்பகுதி சூடுபடுத்தியதுதான். அந்த நிறம் நிலையானது, வெளுக்காது. அதை வாங்குவதில் தப்பே இல்லை, ஆனால் சூடுபடுத்தாத கல்லின் விலையைக் கொடுத்து வாங்கக்கூடாது. வெளியிலிருந்து நிறத்தை ஊட்டிய கல் வேறு ரகம். அதன் மதிப்பு இன்னும் எவ்வளவோ குறைவு.

செயற்கைக் கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸின் வெர்னாய் 1902-ல் வெளியிட்ட முறைப்படி, அலுமினாத் தூளைச் சுடரில் உருக்கி, மெல்ல மெல்லப் படியவைத்து வளர்ப்பார்கள். அதுவும் அசல் குருந்தம்தான், அதே கடினம், அதே எடை. ஆகவே கீறிப் பார்ப்பது, மூச்சு ஊதிப் பார்ப்பது, பாலில் போட்டால் பால் நீலமாகிறதா என்று பார்ப்பது எதுவும் உதவாது. அப்பா பத்து மடங்கு லென்ஸை என் கையில் கொடுத்து ஒரு நீலத்தைக் காட்டியது நினைவிருக்கிறது. கல்லுக்குள் நிறம் பழைய இசைத்தட்டின் வரிகளைப் போல வளைந்து வளைந்து ஓடியது. மண்ணுக்குள் வளர்ந்த கல்லில் அந்த வரிகள் நேராகப் போய், மூலையில் கோணமாகத் திரும்பும். பழகிய கண்ணுக்கே சில சமயம் தப்பிவிடும் என்பதால், லென்ஸ் வாங்கினாலும் ரத்தினப் பரிசோதனைக்கூடத்தை விட்டுவிடாதீர்கள்.

சரி, கடையில் என்ன பார்ப்பது? முதலில் கல்லை வாசலுக்குக் கொண்டுபோங்கள். கடை விளக்குகள் கல்லை அழகாகக் காட்டவே போட்டிருப்பவை. மஞ்சள் விளக்கில் மை மாதிரி கறுத்துப்போகும் நீலம் வேண்டாம், அதைத்தான் இரவு விருந்துகளில் மனைவி போட்டுக்கொள்ளப் போகிறார். அப்புறம் கல்லை மேலிருந்து நேராகப் பாருங்கள். நடுவில் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல அடியில் இருக்கும் விரலின் ரேகை தெரிந்தால் பட்டை சரியாக விழவில்லை என்று அர்த்தம், நிறம் அங்கே வெளிறியே இருக்கும். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கல்லைப் பக்கவாட்டில் போட்டும் பாருங்கள். இலங்கைக் கல் பலவற்றில் நிறம் அடிமுனையில் ஒரு பொட்டாக மட்டும் நிற்கும், மற்ற இடமெல்லாம் வெளுப்பு. திறமையாகத் தீட்டியிருந்தால் அந்தப் பொட்டே கல் முழுவதையும் நீலமாகக் காட்டும். அதைக் குறையாக நான் நினைக்கமாட்டேன், ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்.

அடி பெருத்த கல்லைத் தவிர்த்துவிடுங்கள். விலை காரட் கணக்கில், ஒரு காரட் 200 மில்லிகிராம். மோதிரத்துக்குள் மறைந்துகிடக்கும் தொப்பைக்கும் நீங்கள்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், சூடுபடுத்திய, நல்ல நடுத்தர நீலத்தில் ஒரு கல்லை உதிரியாக வாங்குவேன். கட்டிய மோதிரத்தில் கல்லை முழுதாகச் சோதிக்க முடியாது. பில்லில் "இயற்கை நீலம், சூடுபடுத்தியது, கண்ணாடி நிரப்பவில்லை, நிறம் ஊட்டவில்லை" என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு கடை. கடைக்காரர் காட்டும் சான்று அட்டையோடு நிறுத்தாமல், நீங்களே ஒரு பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துச் சோதியுங்கள். அறிக்கையில் இருக்கும் எடையும் அளவும் கையிலிருக்கும் கல்லோடு இரண்டு தசமம் வரை ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு ஆசாரியிடம் கொடுங்கள். கல்லின் அடிப்பக்கத்தை மூடாமல், வெளிச்சம் போய் வரும்படி கட்டச் சொல்லுங்கள்.