பினோசே ஆட்சியில் ‘விகாரியா’: கேள்வி பதில்

1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ஜெனரல் பினோசே தலைமையிலான ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தலைநகர் சாந்தியாகோவின் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் மனித உரிமை அமைப்பான ‘விகாரியா தே லா சோலிதாரிதாத்’ 1976 முதல் 1992 வரை இயங்கியது. அதைப் பற்றி வந்த கேள்விகள்:

கேள்வி: ஐயா, அத்தனை கெடுபிடியிலும் இதை ராணுவம் ஏன் இழுத்து மூடவில்லை?

பதில்: இதற்கு முந்தையதை மூடினார்கள். 1973 அக்டோபரில் கத்தோலிக்கர், லூத்தரன், மெதடிஸ்ட், யூதர் எல்லாம் சேர்ந்து ‘சமாதானக் குழு’ தொடங்கியிருந்தார்கள். 1975 நவம்பரில் அதைக் கலைக்கச் சொல்லி பினோசே கர்தினால் ரவுல் சில்வா என்ரிக்கேஸுக்குக் கடிதம் எழுதினார். கர்தினால் கலைத்தார். 1976 ஜனவரி 1 முதல் அதே வேலையைத் தன் உயர்மறைமாவட்டத்தின் ஒரு துறையாக நடத்தினார்! தனிப் பதிவு இருந்தால்தானே ரத்து செய்ய முடியும்? இனி மூடுவதென்றால் திருச்சபை மீதே கை வைக்க வேண்டும். அலுவலகமும் பேராலயத்தை ஒட்டியே இருந்தது.

கேள்வி: ஒருவரைப் பிடித்துப் போய்விட்டார்கள், வீட்டார் ஓடி வருகிறார்கள். அடுத்து என்ன?

பதில்: முதலில் விவரம் எழுதுவார்கள்: பெயர், வயது, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், வந்தவர்கள் சீருடையா மஃப்டியா, என்ன வண்டி, யார் பார்த்தது. அதை வைத்து வழக்கறிஞர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ‘அம்பாரோ’ போடுவார். நம் ஆட்கொணர்வு மனுதான். சட்டப்படி 24 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் நீதிமன்றம் உள்துறை அமைச்சகத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கும். ‘அப்படி ஒரு கைது உத்தரவே இல்லை’ என்று பதில் வந்ததும் மனு தள்ளுபடி. ஆளை நேரில் கொண்டுவரச் சொல்ல நீதிபதிக்கு அதிகாரம் இருந்தும் பயன்படுத்தவில்லை. ஆயிரக்கணக்கான மனுக்களில் ஏற்கப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

கேள்வி: தள்ளுபடியாகும் என்று தெரிந்தே ஏன் சார் போட்டார்கள்?

பதில்: தள்ளுபடியான மனுவிலும் தேதியும் நீதிமன்ற முத்திரையும் இருக்குமே! 1975 ஜூலையில், காணாமல்போன 119 பேரும் வெளிநாட்டில் தங்களுக்குள் சண்டையிட்டுச் செத்தார்கள் என்று செய்தி வந்தது. மூலம், அர்ஜென்டினாவில் ஒரே ஒரு இதழோடு நின்றுபோன ‘லேயா’ என்ற பத்திரிகையும் பிரேசிலில் ஒரு தாளும். அந்தப் பட்டியலில் இருந்த பலரை சிலியிலேயே பிடித்ததாக முன்பே மனு போடப்பட்டிருந்தது. கதை அங்கேயே கிழிந்தது.

இன்னொரு பயன் பிற்பாடு வந்தது. 1978-ல் ராணுவம் தனக்கே பொதுமன்னிப்புச் சட்டம் போட்டுக்கொண்டது. 1978 மார்ச் 10 வரையிலான குற்றங்களுக்குத்தான் அது செல்லும். உடல் கிடைக்காதவரின் கடத்தல் இன்னும் முடியவில்லை, ஆகவே மன்னிப்பு பொருந்தாது என்ற வாதத்தை 1990-களின் இறுதியில் நீதிமன்றங்கள் ஏற்றன. பிடித்துப் போன நாளைக் காட்ட அந்தப் பழைய தாள்கள் உதவின.

கேள்வி: லோன்கென் சுண்ணாம்புச் சூளை விவகாரம்?

பதில்: 1978 நவம்பரில் அங்கே மனித எலும்பு கிடப்பதாகத் தகவல் வந்தது. போலீஸிடம் சொன்னால் மறுநாள் அங்கே ஒன்றும் இருக்காது. அதனால் துணை ஆயர் என்ரிக்கே அல்வெயார், வழக்கறிஞர்கள், இரண்டு பத்திரிகையாளர்கள் என்று எளிதில் மறுக்க முடியாத சாட்சிகளாகப் பார்த்து அழைத்துப்போனார்கள். கண்ணால் கண்டபின் நேரே உச்சநீதிமன்றத் தலைவரிடம் புகார். கிடைத்தவை 15 உடல்கள். 1973 அக்டோபரில் இஸ்லா தே மைப்போ என்ற ஊரில் போலீஸ் பிடித்துச் சென்றவர்கள். ‘மோதலில் செத்தார்கள்’ என்ற போலீஸ் கதையை விசாரணை நீதிபதி ஏற்கவில்லை. ஆனாலும் ராணுவ நீதிமன்றம் பொதுமன்னிப்பைக் காட்டி அந்தப் போலீஸாரை விடுவித்துவிட்டது.

கேள்வி: ஊழியர்களுக்கு ஆபத்து வரவில்லையா?

பதில்: வந்தது. ஆவணப் பிரிவை நடத்திய ஹோசே மனுவேல் பராதாவை 1985 மார்ச் 29 அன்று கடத்தினார்கள். மறுநாள் அவரும் இன்னும் இருவரும் கழுத்தறுபட்டுக் கிடந்தார்கள். போலீஸ் கை இருந்தது வெளியானதும் அதன் தலைவர் மெந்தோசா ஆகஸ்டில் பதவி விலகினார். பிற்பாடு ராணுவ வழக்குத் தொடுநர், விகாரியாவில் சிகிச்சை பெற்றவர்களின் மருத்துவக் கோப்புகளைக் கேட்டபோது ஆயர் செர்ஹியோ வலெக் தர மறுத்தார். கொடுத்திருந்தால் சிகிச்சைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் மாட்டியிருப்பார்கள்.

கேள்வி: அந்தத் துணி ஓவியங்கள்?

பதில்: ‘அர்பியேரா’. கோணித்துணி மேல் பழைய துணித் துண்டுகளைத் தைத்து, தேடும் பெண்கள், பூட்டிய ஆலை, பொதுச் சமையல் எல்லாவற்றையும் காட்டுவார்கள். காணாமல்போனவர்களின் வீட்டுப் பெண்களும் வேலையிழந்த குடும்பத்துப் பெண்களும் தைத்ததை விகாரியா வாங்கி வெளிநாட்டில் விற்றது. சிலவற்றின் பின்புறம் சின்னப் பை ஒன்று இருக்கும். தைத்தவர் எழுதிய சீட்டை மடித்து அதற்குள் வைத்திருப்பார்.