எதை எடுப்பது?

அன்புள்ள ஐயா,

பள்ளி இறுதியாண்டில் இருக்கிறேன். செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக்குப் போக ஆசை. அதே பெயரில் பட்டப்படிப்பு இருக்கிறது, அதையே எடு என்கிறார்கள் வீட்டில். கணினி அறிவியலாவது எடுக்காவிட்டால் உள்ளே நுழையவே முடியாது என்கிறார்கள் நண்பர்கள். எனக்குப் பிடித்தது கணிதம். எதை எடுப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கணிதத்தை எடுங்கள், கூடவே நிரல் எழுதுவதை விடாதீர்கள். கணினி அறிவியல்தான் கிடைக்கிறது என்றால் அதில் சேர்ந்து, விருப்பப் பாடங்கள் எல்லாவற்றையும் கணிதத்தில் எடுங்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்வதற்கு இந்தத் துறையின் வரலாற்றிலேயே மறுப்பு இருக்கிறது. 1958-ல் பெர்செப்ட்ரான் என்ற, உதாரணங்களிலிருந்து கற்கும் ஆரம்பகால நரம்பு வலையமைப்பை முன்வைத்த ஃபிராங்க் ரோசன்பிளாட் உளவியலாளர். நரம்பு வலையமைப்பு ஆராய்ச்சியின் முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன் இளங்கலையில் படித்ததும் உளவியல்தான். கணினிக்குப் படங்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கும் துறையில் பெயர்பெற்ற ஃபெய்-ஃபெய் லீ இளங்கலையில் படித்தது இயற்பியல். ஆனால் இதைப் பார்த்து எதைப் படித்தாலும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டத்தின் பெயர் எதுவானாலும், கணக்கு கையில் இல்லாமல் இங்கே ஆராய்ச்சி செய்ய முடியாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இன்றைய மொழி மாதிரிகளுக்கு அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் என்ற வடிவமைப்பு 2017-ல் வந்தது. ஒரு சொல் மற்ற எந்தச் சொல்லை எவ்வளவு கவனிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க, அதில் அந்தச் சொற்களுக்கான இரண்டு எண்வரிசைகளைச் சோடி சோடியாகப் பெருக்கிக் கூட்டுகிறார்கள். அந்த முதல் வடிவத்தில் வரிசைக்கு 64 எண்கள். வருகிற விடையை 8-ஆல் வகுக்கிறார்கள். ஏன் 8?

நிரல் மட்டும் தெரிந்தவருக்கு அது ஒரு வரி. அப்படியே எடுத்து எழுதிவிட்டுப் போய்விடுவார். நிகழ்தகவு படித்தவர் அங்கே நின்றுவிடுவார். சராசரி 0, திட்ட விலக்கம் 1 என்று ஒன்றையொன்று சாராத எண்களை 64 சோடிகளாகப் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் திட்ட விலக்கம் 64-இன் வர்க்கமூலம், அதாவது 8. வகுக்காமல் விட்டால் மதிப்புகள் பெருத்து, அவற்றைக் கூட்டுத்தொகை 1 வரும் எடைகளாக மாற்றும் சாஃப்ட்மேக்ஸ் ஏறக்குறைய எல்லா எடையையும் ஒரே சொல்லின் மேல் போட்டுவிடும். மாதிரியை எந்தப் பக்கம் எவ்வளவு திருத்துவது என்று காட்டும் கிரேடியன்ட் பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துவிடும், கற்றல் நகராது. ஏன் என்று கேட்கத் தெரிந்தவர்தான் இந்த வகுத்தலைக் கொண்டுவந்திருக்க முடியும். நாளைக்கு இன்னொன்றைக் கொண்டுவரப் போகிறவரும் அவர்தான்.

நிரலை வேலை செய்துகொண்டே கற்றுக்கொள்ளலாம். நேரியல் இயற்கணிதத்தையும் நிகழ்தகவையும் வேலைக்கு நடுவே உட்கார்ந்து படித்துக்கொள்கிறேன் என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் படிக்காமலே போனதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள், தவறாகப் போட்ட கணக்கைத் திருத்த ஓர் ஆசிரியர், சேர்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள நண்பர்கள் எல்லாம் வேண்டும். கல்லூரி தருவது அதைத்தான்.

செயற்கை நுண்ணறிவு என்றே பெயர் வைத்த பட்டத்தைப் பற்றி வீட்டில் மீண்டும் பேச்சு வந்தால், பாடத்திட்டத்தை எடுத்து முன்னால் வையுங்கள். நேரியல் இயற்கணிதம், பல மாறி நுண்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல் நான்கும் முழுப் பாடங்களாக இருந்தால் தயங்காமல் சேரலாம். கருவிகளின் பெயர்களே நிறைந்திருந்தால் வேண்டாம். நீங்கள் வெளியே வருவதற்குள் அந்தக் கருவிகள் மாறிவிட்டிருக்கும்.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். மேலே சொன்ன கணக்கைச் சின்ன நிரலாக எழுதி ஆயிரம் முறை ஓட்டுங்கள். விடைகள் எவ்வளவு விலகி விழுகின்றன என்று பாருங்கள். பிறகு 64-ஐ 256 ஆக்குங்கள். ஓட்டுவதற்கு முன்பே, என்ன வரும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். தாளில் எழுதியதையும் திரையில் வந்ததையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.