பெட்ருச்சியை விட்டுவிடாதீர்கள்

ஓராண்டாக ‘ட்ரீம் தியேட்டர்’ குழுவின் கிட்டார் கலைஞர் ஜான் பெட்ருச்சியின் வேகத்தைப் பயின்றும் நண்பர் ‘வாசிப்பில் உயிரில்லை’ என்றதால், ‘பிங்க் ஃப்ளாய்ட்’ கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரின் பாணிக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்காக மாற வேண்டாம். கில்மோர் சுலபம் என்று நினைப்பது தவறு. தந்தியை வளைத்து அடுத்த சுரத்துக்கு ஏற்றும்போது அவருக்குச் சுருதி இம்மியும் பிசகாது, அதுவும் கைத்திறன்தான். பெட்ருச்சியும் 1999-இல் ‘தி ஸ்பிரிட் கேரிஸ் ஆன்’ பாடலின் சோலோவில் (தனி வாசிப்பில்) கிட்டாரை நிதானமாகப் பாடவிடுகிறார்.

எனக்கு இருவரையும்விட ஸ்டீவ் ஹேக்கெட்தான். அவர் கிட்டார் வாசித்த ஜெனிசிஸ் குழுவின் ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ (1973) பாடலைக் கேளுங்கள். முன்பு புல்லாங்குழலில் வந்த மெட்டையே கிட்டாரில் எடுக்கிறார். ஒவ்வொரு சுரமும் நீண்டு, மெல்ல நடுங்கி, அடுத்ததில் கரைகிறது. இத்தனைக்கும் டேப்பிங் (விரலால் தந்தியைத் தட்டி வேகமாக வாசிப்பது) தெரிந்த கை அது! அந்த மெட்டை முதலில் வாயால் பாடுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் கையையும் நிறுத்துங்கள். ஒரு வாரத்துக்குத் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் வேண்டாம்.