பர்வதமலை ஏறப் போகிறவர்களுக்கு: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

கேள்வி: நண்பர்கள் 6 பேர், திருவண்ணாமலை மாவட்டத்தில் உச்சியில் சிவன் கோயில் இருக்கும் பர்வதமலையை முதல் தடவையாக ஏறத் திட்டமிட்டிருக்கிறோம். மலையேற்ற ஷூ 5,000 ரூபாய் என்கிறார்கள். அவ்வளவு செலவு தேவையா? அண்ணன் 6 வருடம் முன்பு வாங்கி இரண்டு தடவை மட்டும் போட்ட ஷூ பரணில் இருக்கிறது, பார்க்கப் புதிது போலவே தெரிகிறது. அதைப் போட்டுக்கொண்டு போகலாமா? (வேலூர் வாசகர்)

பதில்: முதலில் அந்தப் பரண் ஷூவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இதில் அடிபட்ட அனுபவம் உண்டு. பல ஷூக்களில் அடி ரப்பருக்கும் பாதத்துக்கும் நடுவே பஞ்சு போன்ற ஓர் அடுக்கு இருக்கும். பெரும்பாலும் பாலியூரித்தேன், கடைக்காரர்கள் ‘பியூ’ என்பார்கள். காற்றில் இருக்கும் ஈரம் இதை உள்ளுக்குள்ளேயே மெல்ல மெல்ல அரிக்கும். போட்டாலும் அரிக்கும், போடாமல் வைத்தாலும் அரிக்கும். மேல்தோல் பளபளவென்றே இருக்கும். நான் சில வருடங்கள் பெட்டியில் வைத்திருந்த ஷூவோடு இதே மலைக்குப் போனேன். இறங்கும்போது வலது கால் குதிகால் பக்கம் வாய் பிளந்தது. பாறை மேல் ரஸ்க் தூள் மாதிரி உதிர்ந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் என்ன நடக்கிறது என்று புரிந்தது. துண்டைக் கிழித்து, ஷூவைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன்.

அதனால் அண்ணன் ஷூவைக் கையில் எடுத்து நடு அடுக்கைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தூள் வந்தாலோ, பிசுபிசுவென்று ஒட்டினாலோ, விரிசல் தெரிந்தாலோ அதோடு விட்டுவிடுங்கள். நன்றாக இருந்தால் இரண்டு கையாலும் வளைத்து, முனையில் இடைவெளி விடுகிறதா என்று பாருங்கள். அதிலும் தேறினால், ஊரிலேயே நாலைந்து நாள் மாடிப்படி ஏறி இறங்கிய பிறகு முடிவு செய்யுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் 5,000 ரூபாய் கட்டாயம் இல்லை. அந்த மலையில் வெறுங்காலோடு ஏறுகிற பக்தர்கள் ஏராளம். அதில் பாதி விலையில் பிடிமானமுள்ள ரப்பர் சோல் கிடைக்கிறது, உங்களுக்கு அது போதும். தண்ணீர் புகாத உள்படலம் இருக்கிறது என்று கூடுதல் விலை சொல்வார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம், உள்ளே வேர்த்தே கால் ஊறிவிடும்.

சோல்தான் முக்கியம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அடிவார ஊரான தென்மாதிமங்கலம் வழியில் காட்டுப் பாதை முடிந்த பிறகு வெறும் பாறைதான். பாறையில் அடித்து இறக்கிய கடப்பாறைகளில் கால் வைத்து, பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். மொத்த உடம்பும் பாதத்தின் நடுவில், ஓர் இரும்புக் கம்பி மேல் நிற்கும். சோல் மெலிந்திருந்தால் கம்பி பாதத்தில் உறைக்கும், வழவழவென்று தேய்ந்திருந்தால் காலைப் பனி ஈரத்தில் வழுக்கும். இரண்டு பக்கமும் பள்ளம்.

சாயங்காலமாகக் கடைக்குப் போங்கள், பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலைக்குப் போடப்போகிற காலுறையையே போட்டு அளவு பாருங்கள். கடைப் படியில் இறங்கி, முனையைத் தரையில் தட்டிப் பாருங்கள். விரல் நுனி இடித்தால் அந்த அளவு வேண்டாம், இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். அப்புறம், அட்டைப் பெட்டியில் தயாரித்த மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். ‘ஸ்டாக் கிளியரன்ஸ்’ என்று பாதி விலைக்குத் தரும் ஷூ பழையதாக இருந்தால், அது கடையிலிருந்த பரண் ஷூ, அவ்வளவுதான்.

பில் கேட்டு வாங்குங்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையைக் காட்டி, பழுதான பொருளை வாங்க மறுக்க முடியாது. பில்லில் கெடு எதுவும் குறிக்காவிட்டால், 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை.

கேள்வி: வார இறுதியில் மலைக்கு அழைத்துப்போகும் ஒரு குழுவுக்கு யுபிஐ மூலம் தலைக்கு 1,800 ரூபாய் கட்டினோம். முதல் நாள் இரவு, ‘வனத்துறை அனுமதி கிடைக்கவில்லை, பயணம் ரத்து’ என்று செய்தி. பணம் திரும்பாதாம், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்வார்களாம். கையெழுத்து வாங்கிய படிவத்தில் ‘எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல’ என்றும் இருக்கிறது. (சென்னை வாசகர்)

பதில்: அனுமதி வாங்குவது அவர்கள் வேலை. அதை வாங்காமல் உங்களிடம் பணம் வாங்கியது சேவைக் குறைபாடு. அடுத்த பயணம் வேண்டாம், பணம்தான் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. படிவத்தில் போட்ட கையெழுத்தால் மட்டும் உங்கள் புகார் உரிமை போய்விடாது.

யுபிஐ ரசீது, விளம்பரப் படம், ரத்துச் செய்தி மூன்றையும் இப்போதே சேமித்துவிடுங்கள், அவர்கள் பதிவை அழித்துவிடக்கூடும். 15 நாள் கெடு வைத்து எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். அசையாவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். வார இறுதிக்குக் கிளம்பிப்போன இளைஞர்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. ஆகவே அடுத்த தடவை எந்தக் குழுவாக இருந்தாலும், பணம் அனுப்பும் முன்பே அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். ‘போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால் அவர்களோடு போகவே போகாதீர்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் 40 பாதைகளை அறிவித்தார்கள். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்த்து, நேரடியாகவே முன்பதிவு செய்யலாம்.

கேள்வி: ஊன்றுகோல், மழைக்கோட்டு, டார்ச் எல்லாம் சேர்த்து ‘செட்’டாக விற்கிறார்கள். வாங்கலாமா? (திருவண்ணாமலை வாசகர்)

பதில்: செட்டாக வேண்டாம். தலையில் மாட்டும் டார்ச்சை மட்டும் நல்லதாக வாங்குங்கள், சங்கிலியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், செல்போன் வெளிச்சம் அங்கே உதவாது. ஊன்றுகோல் மடக்கிப் பைக்குள் போகிற மாதிரி இருந்தால் சரி. மழைக்குப் போர்வை போன்ற பாஞ்சோ வேண்டவே வேண்டாம். பாறைமுகட்டுக் காற்று அதைத் தூக்கி முகத்தில் மூடிவிடும். உடம்போடு ஒட்டிய கோட்டு, உள்பக்கம் தையல் மேல் டேப் ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். டேப் இல்லையென்றால் தையல் ஓட்டை வழியே தண்ணீர் இறங்கும்.

ஆனால் இடி கேட்டால் எந்தக் கோட்டும் காப்பாற்றாது. உயரமான பாறை, இரும்புக் கடப்பாறை, இரும்புச் சங்கிலி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. வானம் கறுத்தால் கடப்பாறைப் பகுதிக்குப் போகாமல் திரும்பிவிடுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். கையில் தொங்கும் கேரி பையைக் குரங்கு பறித்துவிடும், எல்லாமே ஜிப் போட்ட முதுகுப்பைக்குள் இருக்கட்டும்.

கேள்வி: மலையில் விழுந்து அடிபட்டால் மருத்துவக் காப்பீடு கிடைக்காது என்கிறார்களே? (ஆரணி வாசகர்)

பதில்: மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் பொதுவாக இருக்கும் விலக்கு, சாகச விளையாட்டைத் தொழிலாகச் செய்பவர்களுக்கானது. கோயிலுக்கு ஏறிய உங்களுக்கு அந்தக் காரணத்தைச் சொல்லி மறுத்தால், பாலிசியில் ‘தொழில்முறையாக’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து, அந்த வரியைக் குறிப்பிட்டே எதிர்ப்புக் கடிதம் எழுதுங்கள். தனிநபர் விபத்துப் பாலிசியில் வாசகம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கிளம்புவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வைத்துவிட்டுப் போங்கள்.