இஞ்சியும் சுக்கும் ஒரே மருந்துதானா?

இஞ்சி காய்ந்தால்தானே சுக்கு, அப்படியிருக்கச் செரிமானக் கோளாறுக்கு வீட்டில் இருப்பது எதுவானாலும் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் பதில். நான் வைத்தியன் அல்லன். அப்பாயியின் கைப்பக்குவத்தைப் பார்த்து வளர்ந்தவன்.

பச்சை இஞ்சிக்குக் காரம் தரும் ஜிஞ்சராலின் ஒரு பகுதி, காயும்போது நீரை இழந்து, அதைவிடக் காரமான ஷோகாலாக மாறிவிடுகிறது. இஞ்சிக்கு ஜப்பானியர் வழங்கும் ‘ஷோகா’ என்ற பெயரிலிருந்து வந்த சொல் அது. வேதியியல் இதைச் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே, ‘காலையில் இஞ்சி, கடும்பகல் சுக்கு’ என்று நம்மவர்கள் வேளை பிரித்து வைத்தார்கள். இங்கே சிங்கப்பூரில் உள்ள சீன மருந்துக் கடைகளிலும் பச்சை இஞ்சி ‘ஷெங் ஜியாங்’, காய்ந்தது ‘கான் ஜியாங்’ எனத் தனித்தனி மருந்துகள்தாம்.

பசி மந்தித்திருந்தால் பச்சை இஞ்சி. தேக்கா ஈரச்சந்தையில் தோல் தடித்து நார் ஓடிய முற்றிய இஞ்சியாகப் பார்த்து வாங்குங்கள். அப்பாயி அதைத் தோல் சீவித் துருவி, பிழிந்த சாற்றைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிப் பத்து நிமிடம் அசைக்காமல் வைப்பார். அடியில் சுண்ணாம்புபோல் வெள்ளையாகப் படிவதை ‘நஞ்சு’ என்று ஒதுக்கிவிட்டு, தெளிந்த மேல்சாற்றில் மட்டும் தேன் கலப்பார். அது பெரும்பாலும் மாவுச்சத்துதான், நஞ்சன்று என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். ஆனாலும் தெளிந்த சாறு தொண்டையில் இதமாக இறங்குவதால் இன்றும் அப்படியே செய்கிறேன். கட்டாயப் படைப்பணியான தேசிய சேவைக் காலத்தில், முகாமுக்குத் திரும்பும் அவசரத்தில், வெறும் வயிற்றில் தேனும் நீரும் சேர்க்காமல் இரண்டு கரண்டி குடித்துவிட்டு நண்பகல்வரை நெஞ்செரிச்சலோடு அணிவகுத்தேன். ஒரு தேக்கரண்டியே தாராளம்.

உண்டபின் வயிறு உப்புவதற்கும் சளிக்கும் சுக்கு. மேல்தோலைச் சுரண்டி, தட்டி, மல்லியோடு கொதிக்கவைத்துப் பனைவெல்லம் சேர்த்தால் போதும். மிளகும் திப்பிலியும் கூடினால் அது திரிகடுகம். காரம் தாங்காத வயிற்றுக்கு அது வேண்டாம். தலைவலிக்குச் சுக்கை உரைத்துப் பற்றுப் போடுபவர்கள், எரிச்சல் தொடங்கியவுடன் கழுவிவிட வேண்டும்.

மசக்கைக் குமட்டலுக்கு இஞ்சி ஓரளவு உதவுவதை ஆய்வுகளும் காட்டியுள்ளன. வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவரோ பித்தப்பைக் கல் உள்ளவரோ இஞ்சியை மருந்தளவில் தொடர்ந்து எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். ரசத்திலும் ‘தே ஹாலியா’ என்னும் இஞ்சித் தேநீரிலும் சேரும் அளவுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை.