புழுக்கமான நாளில் பின்னேரம் இடிமழை வருமா என்று வயலில் நின்றே எப்படிக் கணிப்பது?

வெக்கை மட்டும் போதாது, காற்றில் ஈரமும் வேண்டும். வன்னியில் மார்ச்-ஏப்ரலிலும் ஒக்ரோபர்-நவம்பரிலும் பெருங்காற்று ஓய்ந்திருக்க, மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று உள்ளே வந்து சூடான ஈரக்காற்றை மேலே தள்ளும்.

காலை பத்து, பதினொரு மணிக்கே பாருங்கள். அடி தட்டையான பஞ்சு முகில்கள் அகலத்தைவிட உயரமாக வளர்ந்து, விளிம்பு பூக்கோவா மாதிரிக் கூர்மையாகத் தெரிந்தால் வளர்ச்சி நடக்கிறது. அந்த உச்சி மங்கி, நார் நாராய்ப் பக்கவாட்டில் விரிந்தால் மேலே பனிக்கட்டி உண்டாகிவிட்டது. மின்னலுக்கு எல்லாம் தயார். தலைக்கு நேரே வளரும் முகிலின் உச்சியோ தெரியாது, அடி கறுப்பதுதான் தெரியும். மத்திய அலை (AM) வானொலி கரகரத்துப் பொரிந்தால் அதுவும் நல்ல சாட்சி.

மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே எண்ணுங்கள்: 3 செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். 30 செக்கனுக்குள் கேட்டால் 10 கிலோமீற்றருக்குள் நிற்கிறது, உடனே கரையேறுங்கள். அநேகர் பிழை விடுவது இங்கேதான்: மழை தொடங்கட்டும் என்று நிற்பார்கள். மழைக்கு முன்னும் மின்னல் விழும். திடீரென்று குளிர்காற்று அடித்தால் ஏற்கெனவே பிந்திவிட்டது.

தனிப் பனை, பாலை மரத்தடி, குளக்கட்டு, கம்பிவேலி, காவற்கொட்டில் எதுவும் உதவாது. பாதுகாப்பு என்றால் கல்வீடு, அல்லது கண்ணாடி மூடிய வான் வண்டி. கடைசி முழக்கத்துக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மறுபடி வயலில் இறங்குங்கள்.