வாலட் கேள்வி பதில்: அந்த 12 வார்த்தையும் கன்ஃபர்ம் பட்டனும்

கேள்வி: நாங்க சின்ன டீம், கிரிப்டோ வாலட் ஆப் ஒண்ணு பண்றோம் சார். போன் தொலைஞ்சா பணத்த மீட்கறதுக்கு சாவியா 12 வார்த்தை (சீட் பிரேஸ்) குடுக்கறோம்ல, புதுசா வர்றவங்கள்ல நிறைய பேரு அந்த ஸ்க்ரீன பாத்த உடனே மூடிட்டு போயிடறாங்க. அத தூக்கிட்டு ஈமெயில் லாகின் வச்சிடலாமா?

அவங்க ஓடறதுக்கு காரணம் வார்த்தை இல்லீங்க, நேரம். உள்ள ஒரு பைசா கூட இல்லாதப்பவே "இத தொலைச்சா எல்லாம் போச்சு"ன்னு பயமுறுத்துனா யாருதான் நிப்பாங்க? முதல்ல உள்ள விடுங்க, சுத்திப் பாக்கட்டும், முதல் தடவை பணம் வந்து சேர்ந்ததும் அப்ப அந்த வார்த்தைகள எழுதி பேக்கப் எடுக்க சொல்லி கேளுங்க, அப்ப மட்டும் விட்டுக் கொடுக்காதீங்க, ஏன்னா அதுக்கப்புறம் போன் உடைஞ்சா நஷ்டம் நிஜமாவே நஷ்டம்.

அந்த வார்த்தைகள் பிப்-39ங்கற பொது முறைப்படி வருது, 2013ல வந்தது, மொத்தம் 2048 வார்த்தை கொண்ட லிஸ்ட். இங்கிலீஷ் லிஸ்ட்ல எந்த ரெண்டு வார்த்தைக்கும் முதல் நாலு எழுத்து ஒண்ணா இருக்காது, அதனால நாலு எழுத்து அடிச்ச உடனே மிச்சத்த நீங்களே நிரப்பிடலாம். கடைசி வார்த்தைக்குள்ள ஒரு சரிபார்ப்பும் ஒளிஞ்சிருக்கு, அதனால வரிசை மாறினாலோ வேற வார்த்தை போட்டாலோ பெரும்பாலும் புடிச்சிடலாம். இவ்ளோ வசதி இருந்தும் பல ஆப்ல "தவறான சீட் பிரேஸ்"னு ஒத்த வரி செவப்புல வந்து நிக்குது, அந்த நேரத்துல அந்த மனுஷனுக்கு கை நடுங்கும்ங்க. "7வது வார்த்தை லிஸ்ட்ல இல்ல, எழுதி வச்சத ஒரு தடவ பாருங்க"ன்னு சொல்லிப் பாருங்க, அதே ஆளு உங்கள விட்டு போகவே மாட்டாரு.

ஈமெயில் லாகின் வைக்கிறது தப்பில்ல. ஆனா அப்ப சாவி யார் கையில இருக்கு, உங்க சர்வர் நின்னு போனா அவரு பணத்த எப்படி எடுக்கறதுங்கறத அந்த ஸ்க்ரீன்லயே எழுதணும். டெர்ம்ஸ் பக்கத்துல புதைச்சு வைக்கிறது நியாயமே இல்ல. எத்திரியம்ங்கற பிளாக்செயின் நெட்வொர்க்ல வேற வழியும் இருக்கு: நம்பிக்கையான நாலஞ்சு பேர காவலரா வச்சு, அதுல பாதிக்கு மேல ஒத்துக்கிட்டா அக்கவுண்ட மீட்கறது. எத்திரியத்த உருவாக்குனவங்கள்ல ஒருத்தரான விட்டாலிக் புட்டெரின் 2021லயே இத வலியுறுத்தி எழுதியிருக்காரு.

கேள்வி: அனுப்பறதுக்கு முன்னாடி வர்ற கன்ஃபர்ம் ஸ்க்ரீன்ல தொகையும் பட்டனும் மட்டும் போதும், மத்ததெல்லாம் குப்பைன்னு எங்க டிசைனர் சொல்றாரு.

இதுல நான் டிசைனர் பக்கம் இல்லீங்க. மொத்த ஆப்லயும் யூசர காப்பாத்தற ஒரே இடம் அதுதான்.

பணம் போய்ச் சேர வேண்டிய அட்ரஸ, அதாவது அந்த நீளமான எழுத்து-எண் வரிசைய எடுத்துக்கோங்க. முதல் ஆறு எழுத்து, கடைசி நாலு எழுத்து காட்டிட்டு நடுவுல புள்ளி வைக்கிறோம்ல, திருடனுங்களுக்கு அதுதான் வசதி. நீங்க அடிக்கடி அனுப்பற அட்ரஸோட தலையும் வாலும் அப்படியே இருக்கற மாதிரி ஒண்ண உருவாக்கி, உங்களுக்கு துளியூண்டு அனுப்பி ஹிஸ்டரில உக்கார வச்சிருவான், அடுத்த தடவ நீங்க அங்கேர்ந்து காப்பி பண்ணுவீங்க. 2024 மே மாசம் ஒருத்தரு இப்படி 1155 ராப்டு பிட்காயின (பிட்காயின் மதிப்புக்கு சமமா எத்திரியம்ல ஓடற டோக்கன்) தப்பான அட்ரஸுக்கு அனுப்பிட்டாரு, கிட்டத்தட்ட 6.8 கோடி டாலர், பின்னாடி பெரும்பகுதி திரும்பி வந்தது அவரோட அதிர்ஷ்டம். அதனால கன்ஃபர்ம் ஸ்க்ரீன்ல அட்ரஸ முழுசா, நாலு நாலு எழுத்தா பிரிச்சு காட்டுங்க, "இந்த அட்ரஸுக்கு நீங்க இதுவரைக்கும் அனுப்பினதே இல்ல"ன்னு பெருசா போடுங்க, தெரியாத அட்ரஸ்லேர்ந்து வந்த துளித்தொகைய ஹிஸ்டரில மறைச்சு வைங்க.

அப்புறம் அப்ரூவல். ஏதோ ஒரு ஆப் உங்க வாலட்ல இருக்கற டோக்கன, அதாவது கிரிப்டோ காச தொட அனுமதி கேக்குது, பல நேரம் அளவே இல்லாம கேக்குது, யூசர் கண்ணுக்கு "அப்ரூவ்"னு ஒரு பட்டன்தான் தெரியும். "இந்த ஆப் உங்க டோக்கன் முழுசையும் எப்ப வேணும்னாலும் எடுக்கலாம், சம்மதமா?"ன்னு கேளுங்க, கூடவே இப்ப தேவையான தொகைக்கு மட்டும் அனுமதி கொடுக்கற வசதியையும் அங்கயே வைங்க.

2025 பிப்ரவரில பைபிட் எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து சுமார் 150 கோடி டாலர் போச்சே, அங்க கையெழுத்து போட்டவங்க ஸ்க்ரீன்ல வழக்கமான டிரான்ஸ்ஃபர்தான் தெரிஞ்சுது, அடியில போனது வேற. பழகுன ஆளுங்களுக்கே இந்த கதி. உங்க வாலட்டால ஒரு டிரான்ஸாக்ஷன படிக்க முடியலன்னா "இது என்ன செய்யும்னு எங்களுக்கு தெரியல"ன்னு சொல்லிடுங்க. எதுவும் சொல்லாம நீல பட்டன காட்டறதுதான் ஆபத்து.

கேள்வி: யாருக்கும் தெரியாத புது கம்பெனி நாங்க. எங்க கோட வெளியாள் பாதுகாப்பு சோதனை பண்ணி குடுத்த ஆடிட் ரிப்போர்ட் போட்டா ஜனங்க நம்புவாங்களா?

ஆடிட் நல்லதுதான், ஆனா அது ஒரு வெர்ஷனுக்கு குடுத்த சர்டிஃபிகேட், அடுத்த வாரம் அப்டேட் விட்டா அது பழைய கதை. 2022 ஆகஸ்ட்ல சொலானாங்கற இன்னொரு பிளாக்செயின் பக்கம் ஆயிரக்கணக்கான வாலட் காலியாச்சு, தோண்டிப் பாத்தா ஸ்லோப்னு ஒரு வாலட் ஆப் தன்னோட எரர் லாக்கோட சேர்த்து யூசரோட சீட் பிரேஸையும் சர்வருக்கு அப்படியே அனுப்பிட்டு இருந்திருக்கு. உங்க ஆப்லேர்ந்து என்னென்ன வெளிய போகுதுன்னு முழுசா எழுதிப் போடுங்க, கோட ஓபனா வைங்க, ஸ்டோர்ல இருக்கற ஆப்பும் அந்த கோடும் ஒண்ணுதான்னு வெளியாள் பில்ட் பண்ணி சரிபாக்க முடியணும்.

அதைவிட முக்கியம், போறதுக்கு கதவ தொறந்து வைக்கறது. அதே 12 வார்த்தைய வேற வாலட்ல போட்டா பணம் தெரியணும். அந்த வார்த்தைகள்லேர்ந்து நீங்க அட்ரஸ உருவாக்கற வழிமுறை, அதாவது டெரிவேஷன் பாத், பொதுவானதா இல்லன்னா அங்க பேலன்ஸ் பூஜ்யம் காட்டும், மனுஷன் பதறிடுவாரு. பாத் என்னன்னு செட்டிங்ஸ்லயே போடுங்க.

கேள்வி: சப்போர்ட்டுக்கு டெலிகிராம் குரூப் வச்சா போதுமா?

போதாதுங்க. குரூப்ல ஒருத்தர் "பணம் வரல"ன்னு போட்ட நிமிஷமே போலி அட்மின் தனியா மெசேஜ் பண்ணி சீட் பிரேஸ் கேப்பான். உதவிய ஆப்புக்குள்ளயே வைங்க, "நாங்க யாருக்கும் முதல்ல மெசேஜ் பண்ண மாட்டோம், 12 வார்த்தைய எப்பவும் கேக்க மாட்டோம்"னு அந்த வார்த்தை ஸ்க்ரீன்லயும் சப்போர்ட் பக்கத்துலயும் போடுங்க. பணம் நடுவுல நிக்குதுன்னா அது நிக்கற காரணத்தையும், எத்திரியம்ல டிரான்ஸாக்ஷன் தோத்தாலும் நெட்வொர்க்குக்கு கட்டற கேஸ் ஃபீஸ் போயிடும்ங்கறதையும் ஆப்பே சொல்லிட்டா, பாதி பேருக்கு அந்த குரூப்புக்கு போற தேவையே வராது.